சாளையும் 112-ஆம் பக்கமும்

சார்: முடிச்சாச்சா சிஸ்டர்?

சிஸ்டர்: எங்க முடிக்க? பாதி இன்னும் சட்டியில கிடக்கு. சாளை பொடிசா இருந்தா வெட்டுறவளுக்குத்தான் பாடு.

சார்: மீனைக் கேக்கலை. நாவலைக் கேட்டேன்.

சிஸ்டர்: அதை நிறுத்தியாச்சு. உள்ளே டிவிக்குப் பக்கத்துல இருக்கு. போகும்போது மறக்காம எடுத்துக்கிடுங்க.

சார்: நிறுத்தியாச்சுன்னா? எந்தப் பக்கத்துல?

(சார் தபால் துறையில் ஓய்வு பெற்றவர். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள் என்றாலும், கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று சார் மட்டும் இன்னும் ஒப்புகை அட்டை கேட்பதை விடவில்லை. புத்தகம் கொடுத்த மறுநாள், பால் வாங்கும் இடத்தில் ‘எந்தப் பக்கம்?’ வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து ‘எந்தப் பக்கம்?’ இந்தக் கேள்விக்குப் பயந்தே எங்கள் வெட்டூர்ணிமடத்தில் சிலர் சுற்று வழியாகப் பஸ் ஏறப் போகிறார்கள்.)

சிஸ்டர்: பக்கமெல்லாம் ஆரு பாத்தா? பேரப்பிள்ளை பக்கத்துல படுத்திருந்தது. சட்டுன்னு மூடி வச்சுட்டேன். பிள்ளைங்க இருக்கிற வீட்டுல வச்சுப் படிக்கிற காரியமா சாரே அது?

சார்: (குரலைத் தாழ்த்தி) ஓ… அதுவா. நான் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்.

சிஸ்டர்: சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்.

சார்: தப்பா எடுத்துக்காதீங்க. அது கதைக்குத் தேவை. எழுத்தாளர் வேணும்னே நுழைச்சது இல்லை.

சிஸ்டர்: நடு ராத்திரி, கொட்டுற மழையில, ஓலைப்புரைக்குள்ள வச்சு… அது தேவையா?

சார்: மழைதான் சிஸ்டர் அந்த இடத்துக்கு அழகே. வயசும் அப்படி. உணர்ச்சி வேகம்.

சிஸ்டர்: என்ன வயசு? அந்தாளுக்கு அம்பத்தஞ்சு.

சார்: அம்பத்தஞ்சா? இருபத்திநாலுன்னுல்லா ஞாபகம்?

சிஸ்டர்: மத்தவனுக்குத்தான் இருபத்திநாலு.

சார்: மத்தவளுக்குன்னு சொல்லுங்க.

சிஸ்டர்: பொம்பளை எங்க வந்தா அதுக்குள்ள?

(சார் கொஞ்ச நேரம் முற்றத்து மாமரத்தைப் பார்த்தார். இரண்டு முறை படித்த புத்தகத்தில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.)

சார்: எப்படியானாலும்… இதெல்லாம் மனுஷ சுபாவம். வெளியே பேசமாட்டோம், அவ்வளவுதான். கல்யாணம் ஆன எல்லார் வீட்டுலயும் நடக்கிறதுதானே?

சிஸ்டர்: எங்க வீட்டுல நடக்கலை! எனக்க வீட்டுக்காரர் கோழியைக்கூட கடையில குடுத்து வெட்டிட்டுத்தான் வருவாரு.

சார்: வெட்டா?

சிஸ்டர்: பின்னே? வெட்டோத்தியை எடுத்து அந்தப் பயலை மூணு துண்டா… நீங்க எதைச் சொல்லுதீங்க?

சார்: அப்போ நீங்க சொல்றது 87-ஆம் பக்கம்! கொலைதானா! நான் பயந்துபோயிட்டேன் சிஸ்டர். நான் 112-ன்னு நினைச்சேன்.

சிஸ்டர்: கொலை‘தானா’வா? அப்போ 112-ல அதைவிடக் கூடுதலா என்ன இருக்கு?

சார்: ஒண்ணுமில்லை. சும்மா. ஒரு… வர்ணனை. நீங்க அந்தச் சட்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நகத்துங்களேன்.

சிஸ்டர்: ஏன்? நாறுதா?

சார்: நாத்தம் இல்லை. அந்தக் குடலும் சிவப்புமா கிடக்குல்லா, கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு.

(சிஸ்டர் சட்டியை ஒரு சாண் நகர்த்தினார். அரசு ஆஸ்பத்திரியில், அதிலும் பெரும்பகுதி காஷுவாலிட்டியில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பனையிலிருந்து விழுந்தவன், பைக்கோடு பாலத்தில் மோதியவன், அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் மண்டை உடைந்தவன் எல்லாரையும் இடுப்புக்கு மேலேயும் கீழேயும் பார்த்தவர். சாளையின் தலையைக் கிள்ளி, அதோடு குடலும் சேர்ந்து வர ஒரே இழுப்பு இழுத்துப் பூனைக்கு எறிவதைப் பார்த்தாலே அது தெரியும்.)

சார்: எனக்கு ஆச்சரியமா இருக்கு. நர்ஸா இருந்தவங்க, ரத்தம் பாத்தவங்க. நீங்களே பயந்தா?

சிஸ்டர்: பயமா? ஆரு சொன்னா? எனக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னு சொன்னா உடனே பயம்னு எழுதிக்கிடுவீங்களோ?

சார்: இது யதார்த்தம் சிஸ்டர். வாழ்க்கையை ரத்தமும் சதையுமா வச்சிருக்கார். கொஞ்சம் மனத்திடம் வேணும் இதைப் படிக்க.

(இந்த ‘மனத்திடம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு புத்தகத்தைப் பாதியில் வைத்தவரைப் பார்த்து இதைச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. நாவலை முடித்ததற்காக ராணுவத்தில் பதக்கம் வாங்கியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள்.)

சிஸ்டர்: ரத்தம்னு சொன்னீங்கல்லா, அதையே பேசுவோம். ஒரு ஆளு உடம்புல எவ்வளவு ரத்தம் இருக்கும்?

சார்: ஒரு பத்து லிட்டர்?

சிஸ்டர்: அஞ்சு. ஆள் தடியா இருந்தா இன்னும் கொஞ்சம். உங்க எழுத்தாளர் 43-ஆம் பக்கத்துல ஒத்தை ஆளை வெட்டி, ‘குடம் குடமாய்ப் பெருகியது’ன்னு எழுதியிருக்காரு. குடம் எவ்வளவு கொள்ளும்? பத்து லிட்டர்னு வைங்க. ஒரு குடத்துக்கே ரெண்டு ஆள் வேணும். ‘குடம் குடமாய்’னா குறைஞ்சது நாலு பேர். மீதி மூணு பேர் எங்க?

சார்: அது ஒரு மிகை. இலக்கியத்துல உண்டு.

சிஸ்டர்: இப்பத்தானே யதார்த்தம்னு சொன்னீங்க? அதுவும் கிடக்கட்டும். குடம் குடமா போன பிறகு அந்த ஆளு எழும்பி உக்காந்து மூணு பாராவுக்கு வசனம் பேசுதான். ரத்ததானத்துக்கு வாரவன்கிட்ட 350 மில்லி எடுத்துட்டு, ‘எழும்பாத மக்கா, கொஞ்சம் படு’ன்னு பிடிச்சு வைப்போம். பிஸ்கட்டும் ஜூஸும் குடுத்துத்தான் விடுவோம். பிறகு மூணு மாசத்துக்கு அவனைத் தொடமாட்டோம். இங்க குடத்துக்குப் பிறகு வசனம்!

சார்: அவன் உறுதியான ஆள். அப்படித்தான் பாத்திரத்தைப் படைச்சிருக்கார்.

சிஸ்டர்: அடுத்தவனுக்குத் தொடையில வெட்டு. தொடைக்குள்ள தடியா ஒரு ரத்தக்குழாய் போகுது. அது அறுந்து, ஆரும் அமுக்கிப் பிடிக்கலைன்னா சில நிமிஷம்தான். இவன் என்னடான்னா ஆத்தைத் தாண்டி, மலை ஏறி, கூட்டாளி வீட்டுக் கதவைத் தட்டி, ரெண்டு பேரும் சின்ன வயசுல மாங்காய் பறிச்ச கதை எல்லாம் பேசி, கோழி கூவின பிறகு சாகுதான்.

சார்: அந்த மாங்காய் இடம் பிரமாதம்லா?

சிஸ்டர்: நான் அந்த இடம் முழுக்க, ‘லே, அந்தத் துணியை மடிச்சுக் காயத்துல அமுக்குங்கலே’ன்னு கத்திக்கிட்டு இருந்தேன். பேரப்பிள்ளை அதுலதான் முழிச்சது.

சார்: சிஸ்டர், சட்டி.

சிஸ்டர்: நகத்தியாச்சு. இன்னொண்ணு. அவனுக்க பெண்டாட்டி அந்தச் சட்டையைச் சுடுதண்ணியில போட்டு அலசுதா. எந்தப் பொம்பளையாவது செய்வாளா? ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணி. சுடுதண்ணி பட்டா கறை துணியில ஒட்டிப் பிடிச்சுக்கிடும். எழுத்தாளர் அவருக்க வீட்டுலயே கேட்டிருக்கலாம்.

சார்: வீட்டுல எதுக்கு? இதுக்கு டாக்டர்கிட்டதானே கேக்கணும்?

சிஸ்டர்: மாசாமாசம் தொவைக்கிறவளுக்குத் தெரியாம டாக்டருக்கா தெரியும்?

(சாரின் முகம் காது வரை சிவந்தது. அந்த நாவலின் முதல் 87 பக்கங்களில் பதினோரு கொலை. அவை எதற்கும் சிவக்காத முகம்.)

சார்: சரி, அந்த இடத்தை விட்டுடுங்க. நேரா 95-க்குப் போங்க. அங்க ஒரு கல்யாணம். நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு முழுக்க வருது. அவியல், எரிசேரி, அடைப்பிரதமன்.

சிஸ்டர்: கல்யாணமா? கொள்ளாம். பிறகு?

சார்: சாப்பிட்டு எழும்பும்போது ஒரு சின்ன வாய்த்தகராறு.

சிஸ்டர்: எத்தனை பேர்?

சார்: நாலு. ஆனா அதுல ஒருத்தர் ஏற்கெனவே சாகக்கிடந்தவர்.

சிஸ்டர்: பிரதமனாவது குடிச்சாரா?

சார்: அப்போ 130. ஆத்தங்கரை வர்ணனை. நாலு பக்கம், ஒருத்தர்கூட பேசமாட்டாங்க. அமைதின்னா அப்படி ஒரு அமைதி.

சிஸ்டர்: ஆத்துல என்ன மிதக்குது?

சார்: …

சிஸ்டர்: சாரே, ஆத்துல என்ன மிதக்குது?

சார்: 150-ல இருந்து படிக்கலாம். அது கடல்.

சிஸ்டர்: கடலுக்கு ஒரு நியாயம் உண்டு. நம்ம மேற்குக் கரையில ஜூன் 1-லிருந்து ஜூலை 31 வரை விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 61 நாள். எதுக்கு? மீன் முட்டை போட்டுப் பெருகட்டும்னு. இந்தச் சாளையே வள்ளத்துக்காரர் பிடிச்சதாக்கும், முட்டத்துல இருந்து கொண்டுவந்தா. மீனுக்கே சர்க்கார் 61 நாள் விட்டுக் குடுத்திருக்கு. உங்க எழுத்தாளர் மனுஷனுக்கு ஒத்தை அத்தியாயம் விடலையே!

சார்: நீங்க பழைய இலக்கியத்தைப் பாக்கணும். பரணின்னா என்ன? போர்ல ஆயிரம் யானையைக் கொன்னவன் மேலே பாடுறது. தமிழன் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தியே இதை ரசிச்சவன்.

சிஸ்டர்: அந்தப் பரணியில சண்டை முடிஞ்ச பிறகு என்ன வரும்?

சார்: பேய்கள் வந்து போர்க்களத்துல கூழ் காய்ச்சும். எல்லாம் கூடி இருந்து குடிக்கும். ரொம்ப வேடிக்கையா இருக்கும்.

சிஸ்டர்: பாத்தீங்களா? ஒரு பேய்க்காவது வயிறு நிறைஞ்சது. இதுல ஆருக்கு என்ன கிடைச்சது?

சார்: சரி, கோயில் கொடைக்குப் போயி வில்லுப்பாட்டு கேக்கிறீங்கல்லா? விடிய விடிய இருந்து கேக்கிறீங்க. அதுல இல்லாத கொலையா?

சிஸ்டர்: உண்டு. ஆனா அதுல செத்தவனுக்கு ஒரு பேரு உண்டு. அநியாயமா கொன்னுட்டோமேன்னு ஊரே பயந்து, பீடம் போட்டு, வருஷாவருஷம் படையல் வைக்குது. ராத்திரி முழுக்க அவனுக்க கதையைப் பாடுது. இடையில குடம் அடிக்கிறவர் ஒரு தமாஷ் சொல்வாரு, போயி ஒரு கட்டஞ்சாயா குடிச்சிட்டு வரலாம். உங்க நாவல்ல செத்தவனுக்கு என்ன பேரு தெரியுமா? ‘மூன்றாமவன்’. பிறகு ‘தாடிக்காரன்’. 71-ல செத்தவனுக்கு அதுவும் இல்லை, ‘மற்றொரு உடல்’.

சார்: அதுதான் சிஸ்டர் வன்முறையோட அபத்தம். பேரில்லாமச் சாவறது. அதைத்தான் சொல்ல வாரார்.

சிஸ்டர்: சொல்ல வாரவர் வந்து சேரலையே! வெட்டுப்பட்டு ஒருத்தன் காஷுவாலிட்டிக்கு வந்தா எங்களுக்கு அப்பதான் கதையே தொடங்கும். துணியைக் கத்தரிக்கணும், டிரிப் போடணும், ரத்த குரூப் பாக்கணும். வெளியே அவனுக்க அம்மை நிப்பா, அவகிட்ட போயி ஆரு பேசுறதுன்னு நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாப்போம். எல்லாம் முடிஞ்ச பிறகு தரை கிடக்கும். ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, பிறகு மாப் போட்டு, அந்த மாப்பைத் தனியா கழுவி… அதைச் செய்யுற அக்கா காலையில வீட்டுக்குப் போயி பிள்ளைக்கு இட்லி அவிக்கணும். இதுல வெட்டு விழுந்ததும் மூணு நட்சத்திரம் போட்டு அத்தியாயத்தை முடிச்சிருதாரு. தரையைத் தொடைச்சது ஆரு?

சார்: நாவல்ல எப்படி சிஸ்டர் தரை தொடைக்கிறதை எல்லாம்…

சிஸ்டர்: வெட்டுறதுக்கு அஞ்சு பக்கம் இருக்குல்லா? தொடைக்கிறதுக்கு அரைப் பக்கம் குடுத்தா பேப்பர் தீர்ந்துருமோ?

(இந்த இடத்தில் பூனை, சட்டிக்குள் கை விட்டு ஒரு முழுக் குடலைத் தூக்கிக்கொண்டு சாரின் கால் வழியாக ஓடியது. வெள்ளை வேட்டியின் கரையில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. சார் அதைப் பார்த்தார். பிறகு மாமரத்தைப் பார்க்க முயன்றார். மாமரம் நிலையாக இல்லை போலிருக்கிறது.)

சிஸ்டர்: சாரே? வேர்க்குதா? காது அடைக்குதா? அப்படியே சாய்ஞ்சு படுங்க. திண்ணையிலதான், விழமாட்டீங்க. காலைத் தூக்கி அந்தத் தூண் மேலே வைங்க. இன்னும் மேலே.

சார்: ஒண்ணுமில்லை… காலையில சாப்பிடலை…

சிஸ்டர்: சாப்பிட்டவனுக்கும் வரும். ரத்தத்தைப் பாத்தா சிலருக்கு நாடி இறங்கிரும். படுத்துக் காலை உசத்தினா சரியாயிரும். வெட்கப்பட ஒண்ணும் இல்லை, எம்.பி.பி.எஸ். பிள்ளைங்களே விழுந்திருக்கு. இருங்க, கையைக் கழுவிட்டுத் தண்ணி கொண்டுவாரேன்.

(கை கழுவி, ஒரு செம்பு தண்ணீரும் உள்ளே இருந்த நாவலும் கொண்டுவந்தார். செம்பைக் கையில் கொடுத்துவிட்டு நாவலை சாரின் தலைமாட்டில் வைத்தார். வைத்த கை எடுக்கவில்லை, புத்தகம் தானாகவே மெல்லத் திறந்துகொண்டது. சரியாக ஒரு பக்கத்தில். முதுகு அந்த இடத்தில் நன்றாக ஒடிந்திருந்தது.)

சிஸ்டர்: இதென்ன? 112.

சார்: அதை மூடுங்க சிஸ்டர்.

சிஸ்டர்: (படிக்கிறார்) மழை… ஓலைப்புரை… ஓ, இங்கயும் ஒரு ஓலைப்புரை உண்டா? இவன் இருபத்திநாலு வயசு… சரி… சரி… ஒரு முத்தம். அவ்வளவுதானா? மூணு வரி. இதுக்கா அடியில பென்சில் கோடு?

சார்: அந்த வாக்கியத்துல ஒரு ஒற்றுப் பிழை இருந்தது. அதுக்குப் போட்டேன்.

சிஸ்டர்: ரெண்டு கோடு இருக்கு.

சார்: ரெண்டு ஒற்று.

சிஸ்டர்: நான் ஒண்ணு சொல்லட்டா? இந்தப் புத்தகத்துல ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் தொட்டு, ஒருத்தருக்கும் தையல் போடத் தேவையில்லாம முடிஞ்ச ஒரே இடம் இதாக்கும். இதைச் சொல்லத்தான் குரலைத் தாழ்த்தினீங்க. பதினோரு வெட்டையும் போன வாரம் பால் வாங்க நின்ன இடத்துல, பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க கேக்க, கையை வீசி வீசிக் காட்டினீங்களே!

சார்: (தூணைப் பார்த்துக்கொண்டு) ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துல நீங்கதான் பேசணும்னு உங்க பேரைப் போட்டுட்டேன். ‘ஒரு பெண் பார்வை’ன்னு.

சிஸ்டர்: ஆம்பளைங்க பேசும்போது ‘ஒரு ஆண் பார்வை’ன்னு போடுவீங்களா?

சார்: இல்லை. அவங்களுக்குச் சும்மா ‘பார்வை’.

சிஸ்டர்: புத்தகத்தை நான் முடிக்கப் போறதில்லை. 87-க்கு மேலே ஒரு வரி படிக்க மாட்டேன். ஆனா வாரேன். எவ்வளவு நேரம்?

சார்: பத்து நிமிஷம். ஆனா நாவலை முடிக்காம என்ன பேசுவீங்க?

சிஸ்டர்: வெட்டு விழுந்தா என்ன செய்யணும்னு பேசுதேன். சுத்தமான துணியை மடிச்சுக் காயத்துல வச்சு, உள்ளங்கையால அமுக்கிப் பிடிக்கணும். துணி நனைஞ்சா அதை எடுக்கக்கூடாது, மேலேயே இன்னொண்ணு வைக்கணும். 108-க்கு அடிக்கணும். வண்டி வார வரைக்கும் கையை எடுக்கக்கூடாது. அவ்வளவுதான். பத்து நிமிஷம் தாராளம்.

சார்: இலக்கியக் கூட்டம் சிஸ்டர் அது. மதுரையிலிருந்து ஒரு விமர்சகர் வாரார்.

சிஸ்டர்: நல்லதாப் போச்சு. அவரைப் படுக்க வச்சு அவருக்க தொடையிலயே செஞ்சு காட்டுதேன்.

சார்: நோட்டீஸ்ல இதை எப்படிப் போட?

சிஸ்டர்: எப்படியும் போடுங்க. வாரவங்க ஆளுக்கு ஒரு பழைய பருத்தித் துண்டு கொண்டுவரணும்னு மட்டும் கீழே எழுதிடுங்க. தொவைச்சதா இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு வாரவனுங்க எல்லாம் அழுக்குக் கைலியைச் சுத்திக்கிட்டுத்தான் வருவானுங்க.